டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய்?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வெளியே வெக்கை, ஆய்வுக்கூடத்துக்குள் போனால் குளிர். உடம்புக்கு எதை நம்புவது என்று தெரியாமல் தும்மிக்கொண்டே இருக்கிறேன். நீ சுகமா? அத்தானுக்கு இன்னும் அரை மாத்திரைதானே?

இந்தப் பார்சலில் சுகர் பார்க்கும் மெஷின் ஒன்றும், ஐம்பது ஸ்ட்ரிப் போட்ட பச்சை டப்பா ஆறும் இருக்கின்றன. நாங்கள் செய்தவை. இன்னும் கடைக்கு வரவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் நுனியிலும் ஒரு நொதியைப் பூசியிருக்கிறோம். அது ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பிடித்து உடைக்கும். உடையும்போது துளி மின்சாரம் வரும். மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டும். தொல்லை என்னவென்றால், இந்த நொதிக்கு வெக்கையும் ஆகாது, ஈரமும் ஆகாது. பால் கெடுவது மாதிரி நாளாக நாளாகக் கெட்டுப்போகும். அப்போது எண் குறைத்துக் காட்டும். அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் மூன்று வருஷமாக என் பிழைப்பு. இந்தப் புது ஸ்ட்ரிப் பதினெட்டு மாதம் தாங்கும் என்று எங்கள் வரைபடம் சொல்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ஒரு நோட்டில் எழுதி வை. போனில் இதைப் பேச வேண்டாம். நான் எடுத்து வந்தது இங்கே யாருக்கும் தெரியாது.

டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள சின்னவனுக்கு,

பார்சல் முழுசாக வந்து சேர்ந்தது. இங்கே இருவரும் நலம். தும்மலுக்கு ஆவி பிடி, மாத்திரையாக விழுங்காதே.

டப்பாக்களை ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு மேலே அடுக்கியிருக்கிறேன். வெக்கை ஆகாது என்று நீதானே எழுதினாய். காலையில் 114, 118, 120 என்று வருகிறது. உன் அத்தான் ஒவ்வொரு தடவையும், "கிரேன்ல நாப்பது டன் தூக்குறேன், இந்த ஊசிக்குத்தான் பயமா இருக்கு" என்று விரலை நீட்டுகிறார்.

நோட்டில் நாலு பத்தி போட்டிருக்கிறேன். தேதி, காலை, ராத்திரி, குறிப்பு. எடைமேடையில் உட்கார்ந்து லாரி எடை எழுதும் கைக்கு இது என்ன பெரிய வேலை.

ஆனால் ஒன்று. போனில் பேசாதே என்கிறாய், யாருக்கும் தெரியாது என்கிறாய். ஆறு டப்பாவுக்கு இவ்வளவு ரகசியமா? என்னிடம் எதையாவது மறைக்கிறாயா?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் எழுதவும்.

உன் கடிதத்தின் உறை ஓரத்தில் பசை சுருங்கியிருந்தது. நீயே ஒரு முறை பிரித்து ஒட்டினாயா? இல்லையென்றால் இனி விடுதி முகவரிக்கு எழுது, ஆய்வுக்கூடத்துக்கு வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் என்று எழுதியிருந்தாய். ஆறுமா? ஒரு டப்பாவை மட்டும் எடுத்து அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்க முடியுமா? காரணம் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு.

எங்கள் தலைமை ஆய்வாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நேர்கோடு'. எந்த வரைபடத்தைக் கொண்டுபோனாலும் கோடு நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். இந்த ஸ்ட்ரிப்புக்காக அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. என்னையும் மேடையில் ஏற்றினார்கள். வேர்த்துக் கொட்டியது.

தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உறையை நான் பிரித்து ஒட்டவில்லை. ஒரு டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன். சும்மா என்று ஒருவன் எழுதினால் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது என் கவலை வேறு.

அத்தானின் எண் ஏறுகிறது. 125, 131, போன வாரம் 142. சாப்பாடு நான்தான் கட்டிக் கொடுக்கிறேன், அதில் மாற்றமே இல்லை. அப்புறம் எப்படி ஏறும்? துவைக்கப் போட்ட சட்டைப் பையைத் துழாவினேன். பிஸ்கட் தூள் இருந்தது. கேட்டால் சிரிக்கிறார். அவர் கிரேன் ஓட்டும் கன்டெய்னர் யார்டின் கேன்டீன்காரரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "டீ மட்டும்தாம்மா, அதுவும் சர்க்கரை இல்லாம" என்றார். அவரும் அத்தானும் பதினைந்து வருஷப் பழக்கம். விட்டுக் கொடுப்பாரா?

டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அரை மாத்திரையை ஒன்றாக்கினார். "இவ்வளவு ஒழுங்கா எழுதி வர்றவங்களை நான் பார்த்ததே இல்ல" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

குறிப்புப் பத்தியில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எத்தனை மணிக்கு வந்தார், வாயில் என்ன வாசம், எதைக் கேட்டபோது முகத்தைத் திருப்பினார் என்று.

அக்கா


மே 22

சின்னவனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதிலைக் காணோம். கல்லுப் போல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மாத்திரை இரண்டு மடங்கான பிறகும் எண் 149, 151. உலகத்தில் யாருக்காவது மாத்திரை கூடினால் சுகர் கூடுமா? நேற்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார். இருபது வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தியம் செய்கிறவன் லாரியைத்தான் நான் இரண்டாம் தடவை ஏற்றிப் பார்ப்பேன். அதை அவரிடமும் சொன்னேன். எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டார். நேற்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருக்கிறோம்.

டாக்டரம்மா இப்போது இரண்டு மாத்திரை ஆக்கியிருக்கிறார். சின்னப் பிள்ளையா என்ன, கண்டித்து வளர்க்க? ஐம்பத்து மூன்று வயது மனுஷன். நீயாவது ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

நலமா?

மாத்திரையைக் கூட்ட வேண்டாம். பழைய அளவுக்கே போகச் சொல்லி டாக்டரிடம் கேள். ஆஸ்பத்திரியில் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு முறை பார்த்துவிடு. அதுவரை இந்த மெஷினை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

அத்தானைத் திட்டாதே.

என் மேஜை டிராயரை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் இரண்டு தாள் இல்லை. ஸ்ட்ரிப் ஜூலையில் கடைக்கு வருகிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் உயிருக்கு ஆபத்து இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டார், தூங்குகிறார்.

எட்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கிரேன் கூண்டில் இருக்கும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. கொக்கியில் கன்டெய்னர் தொங்குகிறது, கீழே ஆறு பேர் நிற்கிறார்கள். கண் மங்க மங்க, பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தரையில் இறக்கியிருக்கிறார். இறக்கி முடித்ததும் தலை சாய்ந்துவிட்டது. கீழே கொடி காட்டுகிறவர் ஏணியில் ஏறிப் போய்த் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் 48. கூடவில்லை, தம்பி. குறைந்திருந்தது.

மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும் செய்தார்கள். நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்ல கட்டுப்பாடாத்தானே இருந்திருக்கு. யாரு இவருக்கு ரெண்டு மாத்திரை குடுத்தது?" என்றாள். நான் நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பிறகு அவளிடம் என் விரலையும் நீட்டினேன். 94 வந்தது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அதே விரலைக் குத்தினேன். 138. எனக்கு ஏதடா சுகர்? அடுப்புக்கு மேலே வெந்துகொண்டிருந்த டப்பாவை அன்றுதான் பிரித்தேன். அதில் 97. கெட வேண்டியது சரியாகக் காட்டுகிறது, பத்திரமாக வைத்தது பொய் சொல்கிறது. எடைமேடையில் தினமும் காலையில் முதல் வேலையாகத் தெரிந்த எடைக்கல்லை ஏற்றிச் சரிபார்ப்போம். நீ கொடுத்தது என்பதால் அதைக்கூடச் செய்யத் தோன்றவில்லை.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. உள்ளே போட்டிருக்கும் தேதி மே 30. உறைமேல் முத்திரை ஜூன் 6. ஏழு நாள் அதை எங்கே வைத்திருந்தாய்?

உனக்கு இது முன்பே தெரியுமா, தெரியாதா? ஒரே வரியில் பதில் வேண்டும்.

அக்கா


ஜூலை 3

தம்பிக்கு,

இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. ஒரு வரிதான் கேட்டேன்.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

தெரியும்.

உன் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அத்தான் எழுந்து நடமாடுகிறாரா?

போன வருஷம் என் நொதி, வெக்கையில் வைத்துச் சோதிக்கும் வெப்ப அறையில் ஆறே மாதத்தில் சோர்ந்துபோனது. வரைபடத்தில் கோடு குனிந்துகொண்டே போயிற்று. காய்ந்து சருகானாலும் மழை பெய்தால் பிழைத்துக்கொள்ளும் செடிகள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை நொதியோடு கலந்து பூசினால் தாங்கும் என்று கண்டிருந்தேன். இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று நேர்கோட்டிடம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. தோளில் கைபோட்டு, "நொதி தினம் எவ்வளவு குறையுதுன்னு உனக்குத் தெரியும்ல? அதை மெஷினே தினம் கூட்டிக் காட்டட்டும். அடுத்த பேட்ச்ல உன் சர்க்கரையைப் போட்டுச் சரிபண்ணிக்கலாம்" என்றார்.

மெஷினுக்குள் தேதி ஓடுகிறது. ஸ்ட்ரிப் செய்த நாளிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி, அதற்கேற்ப எண்ணைப் பெருக்கிக் காட்டும். அந்த நிரலை எழுதியது நான். பதினொரு வரி. கோடு நேராகிவிட்டது. நொதி நிலைத்துவிட்டது என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னார். நான் மேடையில் பக்கத்தில் நின்றேன்.

வெப்ப அறையில் கெடும் ஸ்ட்ரிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தும். குளிரில் பத்திரமாக வைத்தால் நொதி கெடாது, மெஷின் மட்டும் பெருக்கிக்கொண்டே போகும். இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் வீட்டில் சரியாக வந்துவிட்டால் என் மனசு ஆறிவிடும் என்றுதான் அனுப்பினேன். நீ ஃப்ரிட்ஜில் என்று எழுதியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே ஒன்றை வை என்று சுற்றி வளைத்தேன். ஏப்ரலில் நீ அத்தானைச் சந்தேகப்பட்டு எழுதியதைப் படித்துவிட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மே 30 கடிதத்தை ஏழு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தினமும் தபால் பெட்டி வரைக்கும் போவேன். யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கும், திரும்பிவிடுவேன். யாரும் வரவில்லை அக்கா. என் பயம்தான் வந்தது.

உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தி, விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் காணாமல்போன அந்த இரண்டு தாளும் கிடைக்கவில்லை. வெளியே ஒரு வீட்டில் நாள்தோறும் எடுத்த எண் உலகத்திலேயே உன் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அது வேண்டும். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அத்தான் வேலைக்குப் போகிறார். கிரேனில் இன்னும் ஏற்றவில்லை, கீழே எழுத்து வேலை. பழையபடி அரை மாத்திரை.

நோட்டைத் தர முடியாது.

எண் மட்டும் என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுவேன். நாலாவது பத்தியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. 'வாயில் இனிப்பு வாசம்.' 'கேட்டேன், மழுப்பினார்.' 'சத்தியம் செய்தார், பொய்.' முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி ஒரு போலீஸ்காரி எழுதுவது போல எழுதியிருக்கிறேன். அதை உன் குழுவில் நாலு பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டுமா? படித்தது அவர் காதுக்கு வராமல் இருக்குமா?

கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். எண்ணும் குறிப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. வேறு தாளில் எண்ணை மட்டும் நகலெடுத்தால், பார்த்து எழுதிய கணக்கு என்று உங்கள் நேர்கோடு சொல்லிவிடுவார். எடைச்சீட்டில் திருத்தம் இருந்தால் நானே வாங்க மாட்டேன்.

மெஷின் தப்பு என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். நீ எழுதியது, ஏழு நாள், எதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. நீ செய்ததற்குத் தூக்குப் போடலாம். நான் செய்ததற்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? இதை மனசார எழுதுகிறேன்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் பதிவுத் தபாலில் நோட்டு வந்தது. உள்ளே ஒரு வரிகூட நீ எழுதி வைக்கவில்லை. புரட்டிப் பார்த்தேன். நாலு பத்தி என்று சொன்னாய், ஐந்து இருந்தது. ஐந்தாவது வேறு கையெழுத்து. கூடவே தேதி போட்ட யார்டு பதிவுத் தாள்களும் இருந்தன.

நேர்கோடு நிதானமாகப் பேசினார். கணக்கில் சிறு திருத்தம் செய்வது எல்லா மெஷினிலும் உண்டு, வீட்டில் எடுத்த எண்ணில் ஆயிரம் குழப்பம் இருக்கும், நோயாளி என்ன தின்றாரோ யாருக்குத் தெரியும் என்றார். குழுவில் வெள்ளை முடி வைத்த ஒரு அம்மா இருந்தார். நோட்டைப் பிரித்து ஐந்தாவது பத்தியைக் காட்டி, "என்ன சாப்பிட்டார்னு இங்க இருக்கே" என்றார். மே 24-க்கு வந்ததும் சத்தமாகப் படித்தார். 'மதியம் சாப்பிடவில்லை.' அடுத்த நாள், 'மதியம் சாப்பிடவில்லை.' பதினாறு நாளையும் படித்தார். பக்கத்திலேயே எண், 147, 150, 148. சாப்பிடாத மனுஷனுக்கு மாத்திரையும் கூடியிருக்கும்போது இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

இப்போதைய ஸ்ட்ரிப் கடைக்கு வராது. நிரலை எடுத்துவிட்டு, நொதி உண்மையில் எத்தனை மாதம் தாங்குகிறதோ அதைத்தான் டப்பாவில் அச்சடிக்க வேண்டும் என்று உத்தரவு. சர்க்கரை கலந்த பூச்சு வெப்ப அறையில் எட்டு மாதம் தாங்குகிறது. கோடு கொஞ்சம் குனிந்துதான் இருக்கும். அந்த வேலையை இன்னொருவர் தொடர்வார். நேர்கோடு நீண்ட விடுப்பில் போய்விட்டார். என்னையும் நீக்கிவிட்டார்கள், நிரலை எழுதியதற்கும் டப்பாவை எடுத்து வந்ததற்கும். நியாயம்தான்.

அத்தான் நோட்டைப் படித்துவிட்டாரா? நீயா கொடுத்தாய்?

தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள சின்னவனுக்கு,

இருவரும் நலம். விடுதியைக் காலி செய்யும் முன் எப்போது வருகிறாய் என்று எழுது.

நான்தான் கொடுத்தேன். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும். உன் கடிதங்களையும் சேர்த்தே கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய், வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். நாலு பேருக்குக் காணும் அளவுக்கு உரித்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் பேனா கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். என் நாலு பத்திக்குப் பக்கத்தில் அடிக்குச்சி வைத்து ஒரு கோடு போட்டு, கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கிரேனில் எதை எப்போது தூக்கினோம் என்று அவருக்கு யார்டில் தினமும் ஒரு பதிவு உண்டு. அதன் பின்பக்கத்தில் சாப்பாட்டையும் கிறுக்கி வைத்திருந்திருக்கிறார். நான் சந்தேகப்பட ஆரம்பித்த நாளிலிருந்து. என்றைக்காவது காட்டி நிரூபிக்கலாம் என்று.

நான் 'பிஸ்கட் தூள்' என்று எழுதிய இடத்தில் 'யார்டில் ஒரு கறுப்பு நாய் குட்டி போட்டிருக்கிறது' என்று எழுதியிருந்தார். மே 3-இல் 'வாயில் இனிப்பு வாசம்' என்று நான் போட்டிருந்தேன். அதற்கு நேரே, 'கேக், ஒரு துண்டு. கொடி காட்டுபவர் மகள் பாஸ் செய்தாள். இது மட்டும் உண்மை' என்று இருந்தது. அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அடுத்த தாளுக்குப் போனார். அங்கேதான் அந்தப் பதினாறு வரி.

நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு தினமும் நாய்க்குப் போயிருக்கிறது. எண் குறையட்டும், இவள் வாய் ஓயட்டும் என்று பட்டினி கிடந்து, அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறார்.

உன்னைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். "அவன் கடைசியிலயாவது சொன்னான்." நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. நீ வா, உட்கார்ந்து சாப்பிடு. கோபம் தீர்ந்ததும் நானே சொல்கிறேன், நீ கேட்காதே.

அவரிடம் ஒன்று கேட்டேன். "சாப்பிடலைன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார். "சொன்னா, அதையும் நாலாவது பத்தியிலதானே எழுதியிருப்பே."

அக்கா